ஒற்றைக் கொண்டை

பட்டுக்கோழி வளர்க்கிறவர்களைச் சங்கடப்படுத்த ஒரு கேள்வி போதும்: “இதுல சேவல் எது?”

கம்போங் கோழிக் குஞ்சுகளில் ஐந்தாறு வாரத்திலேயே விஷயம் வெளிச்சமாகிவிடும். சேவல் குஞ்சின் கொண்டை சிவந்து எழும், கால் தடிக்கும். இன்னும் சில வாரம் போனால் கழுத்திலும் முதுகிலும் கூர் இறகுகள் பளபளக்கும். பட்டுக்கோழி மூன்று மாதம் வரைக்கும், சிலது அதற்கு மேலும், எதையும் காட்டிக்கொடுக்காது. அதன் இறகில் இழைகளைக் கோத்துப் பிடிக்கும் கொக்கிகள் இல்லை. அதனால் இறகு தட்டையாக விரியாமல் பூனை முடிபோல் பறந்துகொண்டிருக்கும். கூர் இறகா மழுங்கல் இறகா என்று பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. நூலில் ஊசி கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். முட்டையின் கூர்மையைப் பார்த்தே சொல்கிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். கூவினால் சேவல், முட்டையிட்டால் பெட்டை, நடுவில் சொல்வதெல்லாம் ஜோசியம் என்பது வளர்ப்பவர்கள் மத்தியில் உலவும் வேடிக்கைப் பேச்சு.

என் அம்மா பத்தாவது வாரத்தில் சொல்லிவிடுவார். அவர் பார்ப்பது கொண்டையை.

பட்டுக்கோழியின் கொண்டை நாம் படம் வரையும்போது போடும் ரம்பப் பல் கொண்டை கிடையாது. அலகுக்கு மேலே, நெற்றியில் ஒரு சதைக் கட்டி. மேல்பரப்பு கரடுமுரடாக, ஓட்டோடு இருக்கும் வால்நட் பருப்பைப் பாதியாக வெட்டி ஒட்டியது மாதிரி. வால்நட் கொண்டை என்றுதான் அதற்குப் பெயர். நிறம் நாவற்பழக் கருஞ்சிவப்பு. குஞ்சாக இருக்கும்போது அது ஒரு தடிப்பு மட்டுமே. பெட்டைக்கு அந்தத் தடிப்பு பல வாரங்கள் ஒடுங்கியே கிடக்கும், மேலே குடுமி பந்துபோல் உருண்டு நிற்கும். சேவலுக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு தடிப்பு பக்கவாட்டில் அகலும், முண்டு முண்டாக எழும். குடுமியிலிருந்து சில நீண்ட இழைகள் பின்னால் வழியும், காற்றில் தலைமுடி கலைந்த பையனைப்போல. பிறகுதான் அலகுக்குக் கீழே தாடிச் சதை தலைகாட்டும். அம்மா குஞ்சைக் கையில் எடுத்து, கட்டை விரலால் நெற்றியைத் தடவிப் பார்த்து, “இது பையன்” என்று இறக்கிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கொண்டை இப்படி வளர்வதற்கு என்ன காரணம் என்ற கேள்விக்கு 1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஒருவர் விடை கண்டார். அர்னால்ட் பெர்தோல்ட் என்ற பேராசிரியர், ஆறு இளம் சேவல்களை வைத்துச் செய்த சோதனை. விதை நீக்கப்பட்ட சேவல்களுக்குக் கொண்டை சுருங்கியது. கூவுவது நின்றது, சண்டைக்குப் போவதும் நின்றது. நீக்கிய விதையை வயிற்றுக்குள் வேறொரு இடத்தில் வைத்துத் தைக்கப்பட்ட சேவல்கள் ஒன்றும் நடக்காததுபோல வளர்ந்தன; கொண்டையும் எழுந்தது, கூவலும் வந்தது. நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் வேலை நடக்கிறது என்றால், ரத்தத்தில் ஏதோ கலந்து போகிறது என்று அவர் எழுதினார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது கிடையாது. பிற்காலத்தில் ஆண் ஹார்மோனைப் பிரித்தெடுக்க முயன்றவர்களும் விதை நீக்கிய சேவலின் கொண்டையைத்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள். கரைசலைச் செலுத்து, கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று அள.

ஆக, கொண்டை எவ்வளவு பெரிதாகும் என்பதைச் சேவலின் ரத்தம் சொல்கிறது. என்ன வடிவில் இருக்கும் என்பது அதற்கும் முன்னால், முட்டைக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் பிரச்சினை இந்த இரண்டாவது விஷயத்தில்தான் வந்தது.

சுங்கைப் பட்டாணியில் எங்கள் தாமான் வீட்டின் பின்பக்கம் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அம்மா அங்கே ஒரு ஜோடி கருப்புப் பட்டுக்கோழி வைத்திருக்கிறார். வேறு ஊரில் இனக்கோழி வளர்த்து விற்கும் ஒருவரிடம் வாங்கியது. ‘சுத்த ரத்தம்’ என்று சொல்லி, அந்தச் சொல்லுக்கும் சேர்த்து விலை வாங்கினார். போன வருடம் பெட்டை அடைகாத்து எட்டுக் குஞ்சு பொரித்தது. பட்டுக்கோழி அடைகாப்பதில் கெட்டிக்காரி, ஒரு மாங்கொட்டையைக் கீழே வைத்தால்கூட உட்கார்ந்துவிடும். எட்டில் ஆறு அப்பன் ஆத்தாள் மாதிரியே. ஒன்றின் நெற்றியில் வால்நட்டுக்குப் பதிலாக மூன்று தாழ்ந்த வரிகள், பட்டாணிக் கொண்டை என்பார்கள். எட்டாவது குஞ்சுக்கு, பொரித்த அன்றே, அலகிலிருந்து மண்டைக்கு மெல்லிய ஒற்றைக் கோடு ஓடியது. மூன்று வாரத்தில் அந்தக் கோடு எழுந்து பல் வைத்தது. ஐந்து வாரத்தில் சிவப்பு ஏறியது. மற்ற ஏழும் பையனா பெண்ணா என்று ஒளித்துக்கொண்டிருந்தபோது இது மட்டும் நான் சேவல் என்று ஊருக்கே அறிவித்துவிட்டது.

மற்றபடி அது அச்சு அசல் பட்டுக்கோழி. கருத்த தோல், ஐந்து விரல், பட்டு முடி, குடுமி எல்லாம் உண்டு. கொண்டை மட்டும் நம் முருகன் கொடியில் நிற்கிற சேவலுடையது.

விற்றவருக்கு வாட்சப்பில் படம் அனுப்பினேன், விளக்கம் கேட்கத்தான். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. “உங்க வீட்டுல வேற சேவல் பூந்திருக்கு. நம்ம பறவையில இப்படி வராது. அத வளக்காதீங்க, சமைச்சிடுங்க. வெளிய யாருக்கும் குடுத்து நம்ம பேர கெடுக்காதீங்க.”

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். வேற சேவல் பூந்திருக்கு என்ற இடத்தில் அவர் முகம் மாறியது. ஒன்றும் சொல்லவில்லை. தவிட்டைப் பிசைந்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஏன் மாறியது என்பதற்கு வருகிறேன். முதலில், விற்றவர் சொன்னது தவறு. அது தவறு என்று காட்ட இந்தக் குஞ்சு ஒன்றே போதும்.

ஐந்தாம் படிவத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு மெண்டலின் பட்டாணிச் செடி நினைவிருக்கும். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, கட்டம் போட்டு நிரப்பும் புன்னெட் சதுரம். மெண்டல் விதி தாவரங்களுக்கு மட்டுமா, விலங்குகளுக்கும் பொருந்துமா என்று சந்தேகம் இருந்த காலத்தில் அதைப் பொருந்த வைத்துக் காட்டியது கோழிக் கொண்டைதான். கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சன் 1902-இல் வெளியிட்டார். மரபியலுக்கு ‘ஜெனடிக்ஸ்’ என்று பெயர் வைத்தவரும் அவரே, 1905-இல். சதுரத்துக்குப் பெயர் கொடுத்த ரெஜினால்ட் புன்னெட் அவருடன் சேர்ந்து கோழி வளர்த்தவர். நாங்கள் மனப்பாடம் செய்த பாடத்துக்குப் பின்னால் இவ்வளவு கோழி எச்சம் இருந்தது என்று பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

அவர்கள் கண்டது இது. ரோஜாக் கொண்டைக் கோழியையும் பட்டாணிக் கொண்டைக் கோழியையும் சேர்த்தால் பிறக்கும் குஞ்சுக்கு ரோஜாவும் இருக்காது, பட்டாணியும் இருக்காது. வால்நட் வரும். அப்பாவிடமும் இல்லாத, அம்மாவிடமும் இல்லாத ஒரு மூன்றாவது வடிவம். அந்த வால்நட் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பதினாறுக்கு ஒன்பது வால்நட், மூன்று ரோஜா, மூன்று பட்டாணி, ஒன்று ஒற்றைக் கொண்டை. தாத்தா பாட்டி நால்வரில் ஒருவரிடமும் இல்லாத ஒற்றைக் கொண்டை எங்கிருந்து வந்தது? கொண்டையின் வடிவத்தை இரண்டு தனித்தனி இடங்களில் உள்ள மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ரோஜா இடத்திலும் பட்டாணி இடத்திலும் ஓங்கு வடிவம் ஒன்றாவது இருந்தால் வால்நட். ரோஜா மட்டும் என்றால் ரோஜா, பட்டாணி மட்டும் என்றால் பட்டாணி. இரண்டுமே இல்லையென்றால் ஒற்றை.

இப்போது எங்கள் குஞ்சுக்கு வருவோம். அதனிடம் ரோஜாவும் இல்லை, பட்டாணியும் இல்லை. ஒவ்வொரு மரபணுவிலும் ஒரு பிரதி அப்பனிடமிருந்தும் ஒரு பிரதி ஆத்தாளிடமிருந்தும் வருகிறது. ஆகவே பெட்டை, தன் வால்நட் கொண்டைக்கு அடியில் இரண்டு இடத்திலும் ஒடுங்கு வடிவத்தை வைத்திருந்தால்தான் இந்தக் குஞ்சு சாத்தியம். சேவலுக்கும் அதேதான். வேறு சேவல் புகவில்லை, எங்கள் வேலிக்குள் இருந்தது அந்த ஒரே சேவல்தான். ‘சுத்த ரத்தம்’ என்று விற்கப்பட்ட இருவரும் ஒற்றைக் கொண்டையை உள்ளே சுமந்துகொண்டுதான் காரில் வந்து இறங்கினார்கள். அப்படிப்பட்ட ஜோடிக்கு ஒரு முட்டைக்குப் பதினாறில் ஒரு வாய்ப்பு. எட்டுக் குஞ்சு பொரித்தால் அதில் ஒன்றாவது ஒற்றையாக இருக்கும் வாய்ப்பு சுமார் நாற்பது விழுக்காடு. பட்டாணிக் கொண்டையோடு ஒன்று வந்ததும் அந்தக் கணக்கில் அடங்குகிறது. விற்றவரின் கொட்டகையிலும் அவ்வப்போது வந்திருக்கும். படம் எடுக்கும் முன் அது சட்டிக்குப் போயிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. கலப்படம் என்று அவர் சொல்லும் ஒற்றைக் கொண்டைதான் கோழி இனத்தின் பழைய கொண்டை. செம்பனைத் தோட்டத்து ஓரங்களில் விடிகாலை வந்து மேய்கிற காட்டுக்கோழிச் சேவலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் தலையில் இருப்பது ஒற்றைக் கொண்டை. மற்றவை பிறகு நேர்ந்த மாற்றங்கள். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2009-இல் பட்டாணிக் கொண்டையின் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மரபணுவுக்குள் ஒரே துண்டு திரும்பத் திரும்ப நகலாகிப்போன கோளாறு அது. கொண்டையையும் தாடியையும் சிறுக்க வைக்கிறது. பட்டுக்கோழியில் ஆண் பெண் தெரிய இத்தனை நாள் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். 2012-இல் ரோஜாவும் தெரிந்தது. ஏழாவது குரோமோசோமில் சுமார் 74 லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி அப்படியே தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டுக்கோழியின் கருத்த தோலும் எலும்பும்கூட ஒரு குரோமோசோம் துண்டு இரட்டிப்பானதால் வந்தவைதான். சீனர் மருந்துக்கடையில் ‘வு கு ஜி’, கருப்பெலும்புக் கோழி என்று பெயர் சொல்லி விற்பது அந்த இரட்டிப்பைத்தான். இத்தனை கோளாறுகளையும் ஒரே உடம்பில் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதற்குச் ‘சுத்தம்’ என்று பெயர். எனக்கு அதில் புகார் இல்லை. அழகான கோழி. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குஞ்சைக் கொல்லச் சொல்லும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ரோஜா விஷயத்தில் நான் வாசித்ததிலேயே என்னை நிறுத்திவைத்த தகவல் ஒன்று. ரோஜாக் கொண்டை இனங்களில் முட்டைகள் நிறைய கூமுட்டையாகிவிடுகின்றன என்பது வளர்ப்பவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த குறை. அந்தத் துண்டு தலைகீழாகத் திரும்பும்போது அதன் ஒரு முனை, விந்தணுவின் ஓட்டத்துக்குத் தேவையான இன்னொரு மரபணுவை வெட்டிவிடுகிறது. ஒரு பிரதி ரோஜாவும் ஒரு பிரதி பழைய வடிவமும் உள்ள சேவலுக்கு ஒன்றும் ஆவதில்லை. இரண்டு பிரதியும் ரோஜாவாக இருக்கும் சேவலின் விந்தணு சரியாக நீந்தாது. (அந்த மரபணு வெட்டுப்படாத இரண்டாவது வகை ரோஜாவும் உண்டு, அதற்கு இந்தக் குறை இல்லை.) அதாவது ஒற்றைக் கொண்டையைத் துரத்தித் துரத்திக் கொன்று, ரோஜாவை முழுக்கச் சுத்தப்படுத்தினால், கடைசியில் கொட்டகையில் நிற்பது அழகான, குஞ்சு பொரிக்காத சேவல். உள்ளே ரகசியமாக ஒற்றையை வைத்திருக்கிற சேவல்தான் அதிகம் பிள்ளை பெறுகிறது. அதனால் அந்த ரகசியம் மந்தையை விட்டுப் போவதே இல்லை. எத்தனை தலைமுறை அறுத்தாலும் எங்கேயாவது ஒரு முட்டையிலிருந்து ரம்பப் பல்லோடு ஒன்று எட்டிப் பார்க்கும்.

அம்மாவின் முகம் மாறியதற்கு இப்போது வருகிறேன்.

என் அம்மா பிறப்பால் சீனர். 1959-இல் மூன்று நாள் குழந்தையாக ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் பாட்டியின் கைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் இது அபூர்வமில்லை. உங்களில் பலருக்கும் குடும்பத்தில் அப்படி ஒரு அத்தையோ பெரியம்மாவோ இருப்பார். வரிசையாகப் பெண் பிறந்த வீடு, ஜாதகம் சரியில்லை என்று சொல்லப்பட்ட பிள்ளை, வறுமை. பாட்டி சொன்னது இவ்வளவுதான்: தோட்டத்துக் கடைக்காரர் மூலமாகக் கேட்டார்கள், ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார்கள், துணிக்குள் ஒரு அங் பாவ் இருந்தது. கொடுத்தவர்களின் பெயர் பாட்டிக்கும் தெரியாது. அம்மா தமிழ்ப்பள்ளியில் படித்தார், தமிழரைக் கல்யாணம் செய்துகொண்டார், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறார், ரசம் இல்லாமல் சோறு இறங்காது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி குடிவந்த புதிதில் அம்மாவிடம் ஹொக்கியெனில் கடகடவென்று பேசினார். அம்மா, “சாயா தா ஃபஹம்” என்று மலாயில் சொன்னார். ஆன்ட்டி அம்மாவின் முகத்தையும் பொட்டையும் மாறிமாறிப் பார்த்தார். இப்போது இருவரும் நல்ல கூட்டு, பேச்சு முழுக்க மலாய்.

‘சாடை’ என்ற சொல் எங்கள் வீட்டில் அதிகம் புழங்கும். எனக்கு அப்பா சாடை, அக்காவுக்குப் பாட்டி சாடை என்று (பாட்டி அக்காவுக்கு ரத்த உறவே இல்லை, இருந்தும் சொல்வார்கள், சொல்லச் சொல்ல எங்களுக்கும் அப்படியே தெரியும்). அக்காவுக்குப் பெண் பிறந்தபோது குழந்தையைப் பார்க்க வந்தவர்களில் மாமியார் வீட்டு அம்மா ஒருவர் துணியை விலக்கிப் பார்த்து, “இது யாரு சாடை? நம்ம பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்லியே” என்றார். குழந்தைக்கு மடிப்பில்லாத இமை, கம்பி மாதிரி முடி. அம்மா பத்தியக் குழம்புச் சட்டியோடு கதவருகே நின்றிருந்தார். சொன்னவருக்கு அம்மாவின் கதை தெரியாமல் இல்லை. எதற்குச் சொன்னார் என்று இன்றுவரை எங்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. நான் கேட்ட வரையில் அது வெகுளித்தனம் இல்லை.

மனித முகம் கோழிக் கொண்டைபோல் இரண்டு மரபணுவில் அடங்காது. இமை மடிப்புக்கும் முடிக்கும் பின்னால் பல மரபணுக்கள் இருக்கின்றன, பதினாறு கட்டம் போட்டு நிரப்ப முடியாது. அதனால் குஞ்சையும் குழந்தையையும் பக்கத்தில் வைத்து நான் கணக்குப் போடப்போவதில்லை. அம்மாவும் விடமாட்டார். இதையெல்லாம் ஒரு நாள் சாயங்காலம் தாளில் கட்டம் வரைந்து அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, என்னைக் கொண்டுபோயி கோழியோட சேக்காத” என்றார். பிறகு, “ஆனா அந்த ஆளு சொன்னது பொய்யின்னு ஆயிடுச்சு இல்ல?” என்றார். ஆயிடுச்சும்மா என்றேன். “அப்ப அத அவருக்கு எழுது.”

எழுதினேன், கட்டத்தையும் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

அம்மாவுக்கு இதில் உறைத்தது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. ஒரு குஞ்சின் தலையைப் பார்த்து அதன் தாயும் தகப்பனும் உள்ளே என்ன வைத்திருந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அவரைப் பெற்றவர்களைப் பற்றிச் சொல்ல அவர் முகத்தைத் தவிர எதுவும் இல்லை. எச்சில் துப்பி அனுப்பினால் வம்சம் சொல்லும் சோதனை ஒன்றை அக்கா வாங்கித் தருவதாகச் சொன்னாள். “அறுபது வருசமா தெரியாதத தெரிஞ்சி இப்ப என்ன பண்ண” என்று மறுத்துவிட்டார். ஆனால் அந்தக் கட்டம் போட்ட தாளைத் தூக்கிப் போடவில்லை, சாமி மேடை டிராயரில் இருக்கிறது.

இதற்கிடையில் ஒற்றைக் கொண்டை வளர்ந்துவிட்டது. நான்கரை மாதத்தில் கூவியது. முதல் கூவல் தகரக் கதவு திறப்பதுபோல் இருந்தது, இரண்டு வாரத்தில் தேறிவிட்டது. கொண்டை நன்றாக எழுந்து ஆறு பல், அடியில் கருப்பு ஓடிய சிவப்பு. அதோடு அதற்குக் கேட்பாரும் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு மருமகள் பிள்ளை பெற்றிருந்தாள். குளியல் நாட்களுக்குக் கருங்கோழி சூப் வைக்க வேண்டும். கொண்டை எப்படி இருந்தால் என்ன, எலும்பு கருப்பாக இருந்தால் சரி என்பது அவர் கட்சி. சித்தப்பாவுக்கு முனியாண்டிக்கு நேர்ந்துகொண்ட சேவல் பாக்கி இருந்தது. வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். வால்நட் கொண்டைச் சேவல்களைக் காட்டி, “இதெல்லாம் என்னா சேவலு, தலையில புண்ணு வந்த மாதிரி” என்று தள்ளிவிட்டு, ஒற்றைக் கொண்டையிடம் வந்து நின்றார். “இதான் சேவல். சாமிக்குக் குடுத்தா இப்படிக் குடுக்கணும். அண்ணி, இத எனக்கு விடுங்க.”

இனக்கோழிக்காரருக்குத் தலையில் குறை, ஆன்ட்டிக்குத் தலை பொருட்டே இல்லை, சித்தப்பாவுக்குத் தலைதான் நிறை. மூன்று பேர் பேச்சும் கத்தியில் போய் முடிந்ததை நான் மனதுக்குள் ரசித்துக்கொண்டிருந்தேன். அம்மா ரசிக்கவில்லை.

“தம்பி, நேந்துக்கிட்டது நீங்க. சேவல் வாங்க வேண்டியதும் நீங்கதான்.”

சித்தப்பா சிரித்துச் சமாளித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். ஆன்ட்டிக்கு அம்மா பசாரிலிருந்து ஒரு கருங்கோழி வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். வெள்ளி வாங்கவில்லை.

பிறகு சேவலுக்கு ஜோடி தேடும் பேச்சு வந்தது. பெற்ற பெட்டையோடு விட்டால் கணக்கு தெளிவாகும் என்று நான் சொன்னேன். வால்நட், ரோஜா, பட்டாணி, ஒற்றை நான்கும் சம அளவில் வர வேண்டும். மரபியலில் அதற்குச் சோதனைக் கலப்பு என்று பெயரே உண்டு. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் திட்டம் அத்துடன் முடிந்தது. “தாயோடயா? புத்தி இருக்கா ஒனக்கு?” உடன்பிறந்த பெட்டைகளும் கூடாது. கடைசியில் தெரிந்த மலாய்க் குடும்பத்திடமிருந்து கம்போங் பெட்டை ஒன்றை வாங்கி வந்தார். பழுப்பு நிறம், வெளுத்த கால், தலையில் சின்ன ஒற்றைக் கொண்டை.

இந்த ஜோடிக்குக் கொண்டை விஷயத்தில் கட்டம் போட வேலையே இல்லை. ஒற்றைக்கு ஒற்றை சேர்ந்தால் ஒற்றை மட்டும்தான். ஒடுங்கு பண்பு வெளியே தெரிகிறது என்றால் உள்ளே வேறெதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று பொருள். வளர்ப்பவர்கள் ‘சுத்தம்’ என்ற சொல்லை எந்த அர்த்தத்தில் சொல்கிறார்களோ அந்த அர்த்தத்திலேயே, தன் கொண்டையை அப்படியே பிள்ளைக்குக் கொடுக்கும் என்று எங்கள் கொட்டகையில் நான் அடித்துச் சொல்லக்கூடியது இந்த ஒரு சேவலைப் பற்றி மட்டுமே. இதை அம்மாவிடம் சொன்னபோது, “அதான் மொதல்லயே தெரியுதே, மூஞ்சியில ஒட்டியிருக்கு” என்றார்.

கறுப்புத் தோலுக்கு வேறு கதை. பேட்சனும் புன்னெட்டும் 1911-இல் இதைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். கறுப்பைத் தடுக்கிற ஒரு மரபணு, பால் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. கோழி இனத்தில் பெட்டை அந்தக் குரோமோசோமை மகனுக்குக் கொடுக்கும், மகளுக்குக் கொடுக்காது. ஆகையால் பட்டுக்கோழிச் சேவலை, அவர்கள் பயன்படுத்திய பழுப்பு லெகார்ன் போன்ற பெட்டையோடு சேர்த்தால், மகன்கள் வெளுத்தும் மகள்கள் கறுத்தும் பிறக்கின்றன. எங்கள் வெளிர் கால் பெட்டையிடம் அந்தத் தடுப்பு இருந்தால், கொண்டைக்காக மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், தோலைப் பார்த்தே ஆண் பெண் சொல்லிவிடலாம்.

பெட்டை பன்னிரண்டு முட்டையில் உட்கார்ந்தது. ஏழாம் நாள் இரவு கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தோம். பதினொன்றில் நரம்பு ஓடியிருந்தது. இருபத்தொன்றாம் நாள் ஒன்பது வெளியே வந்தன. எல்லாத் தலையிலும் ஒற்றைக் கோடு. பட்டு முடி ஒன்றுக்கும் இல்லை, அது ஒடுங்கு பண்பு, கம்போங் பெட்டையிடம் கிடையாது. தோல் சிலதுக்கு வெளுப்பு, சிலதுக்குச் சாம்பல், இரண்டுக்கு நல்ல கறுப்பு. எது மகன் எது மகள் என்று நான் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு குஞ்சையும் மல்லாக்கப் பிடித்து விரல்களைப் பிரித்துப் பார்த்தார்.

“இதுக்கு அஞ்சு. எழுது.”